தாது வருஷத்தை எழுதியது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாவல் வந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. புத்தகக் கூட்டங்களிலும் கடிதங்களிலும், ஏன், கல்யாண வீட்டுப் பந்தியிலும்கூட, அதே கேள்விகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. பதில் சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துப்போவதற்குள் ஒருமுறை ஒழுங்காக எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

படிக்காதவர்களுக்காக: 1876-ல் மழை பொய்த்து மதராஸ் ராஜதானி முழுக்கப் பரவிய பஞ்சம்தான் களம். மதுராந்தகம் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து கன்னியம்மா என்ற பெண் இரண்டு பிள்ளைகளோடு பட்டணத்துக்கு நடக்கிறாள். அவள் தம்பி நடுவழியில் தோட்ட வேலைக்கு ஆள் சேர்க்கும் ஒரு கங்காணியின் கூட்டத்தோடு தெற்கே திரும்பி இலங்கைக்குப் போய்விடுகிறான். அவள் பட்டணத்தில் கால்வாய் தோண்டும் வேலையில் சேர்கிறாள். கதை அவ்வளவுதான்.

இந்தக் கதை எங்கே கிடைத்தது?

பறக்கும் ரயிலில். சேப்பாக்கத்துக்கும் திருவான்மியூருக்கும் இடையே எத்தனையோ வருஷம் போய்வந்திருக்கிறேன். ஜன்னலுக்குக் கீழே பக்கிங்காம் கால்வாய் கறுப்பாகக் கிடக்கும். மூக்கைப் பொத்திக்கொள்வதோடு சரி, அதற்கு மேல் அதைப் பற்றி யோசித்ததில்லை. ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர், பொதுப்பணித் துறையிலிருந்து ஓய்வு பெற்றவர், பேச்சுவாக்கில் சொன்னார்: "இது பஞ்சத்துல வெட்டினது சார். கஞ்சிக்காக வெட்டினாங்க."

வீட்டுக்கு வந்து தேடினேன். சென்னைக்கு வடக்கே எண்ணூர்ப் பக்கம் போகும் கால்வாய் 1806-லேயே ஆரம்பித்தது. ஆனால் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் சுமார் 8 கிலோமீட்டர் துண்டு 1877–78-ல் பஞ்ச வேலையாக வெட்டப்பட்டது. அப்போதைய மதராஸ் கவர்னர் பக்கிங்காம் கோமகனின் பெயர் கால்வாய் முழுவதற்கும் ஒட்டிக்கொண்டது. நான் தினமும் போய்வந்த ரயில் பாதை பெரும்பாலும் அந்தத் துண்டின் மேலேயே போகிறது.

அப்புறம் இன்னொன்று. சின்ன வயசில் அவசரமாகச் சாப்பிட்டால் பாட்டி, "தாது வருசத்துல அடிபட்டவனாட்டம் திங்காதடா" என்பாள். எனக்குத் தெரிந்த ஒரே தாது, பஸ் ஸ்டாண்டுச் சுவர்களில் எழுதியிருக்கும் தாதுபுஷ்டி லேகியம்தான். பாட்டி ஏதோ வைத்தியம் பேசுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். அது அறுபது தமிழ் வருஷங்களில் ஒன்று, 1876 சித்திரையில் பிறந்த வருஷம், அவளுடைய பாட்டி உயிர் பிழைத்த வருஷம் என்று புரிந்தபோது எனக்கு நாற்பது வயசு. கேட்டுக்கொள்ளப் பாட்டி இல்லை.

ராஜா, ராணி, போர் எதுவும் இல்லை. இது எப்படி வரலாற்று நாவல்?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. குதிரையும் வாளும் உள்ள நாவல்களைப் போர்வைக்குள் டார்ச் அடித்துப் படித்தவன்தான் நானும். ஆனால் பஞ்சத்தில் ஒரு வசதி, அப்படிச் சொல்லலாமா தெரியவில்லை, இருக்கிறது. போரில் ராஜா ஜெயித்தார், தோற்றார் என்று கதை மேலேயே ஓடிவிடும். பஞ்சத்தில் எல்லாக் கேள்வியும் அடுப்படிக்கு வந்து நிற்கும். விதைநெல்லைச் சாப்பிடலாமா? மாட்டை விற்பதா, விற்றால் வாங்குபவன் யார்? தாலியில் எத்தனை குண்டுமணி தங்கம் மிச்சம்? மூத்தவனுக்குக் கொடுப்பதா, சின்னவளுக்கா? ஒரு நாவலுக்கு இதைவிட என்ன வேண்டும்?

ஆவணங்களை எங்கே பார்த்தீர்கள்? எளிதாகக் கிடைத்ததா?

எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம்தான் முதல் இடம். ரெவின்யூ போர்டின் நடவடிக்கைகள், கலெக்டர்களின் அறிக்கைகள், சுகாதார அதிகாரிகளின் குறிப்புகள் எல்லாம் தொகுதி தொகுதியாக இருக்கின்றன. சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். சில நாள் வரும், சில நாள் வராது. வந்தாலும் பக்கத்தைப் புரட்டினால் அப்பளம் மாதிரி நொறுங்கும். தரமணி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் எனக்கு இரண்டாவது வீடு. அதுவும் அதே பறக்கும் ரயில் தடத்திலேயே அமைந்துவிட்டது என் அதிர்ஷ்டம். அச்சில் வந்தவற்றில் அதிகம் உதவியது, அன்றைய 'மெட்ராஸ் டைம்ஸ்' ஆசிரியர் வில்லியம் டிக்பி 1878-ல் இரண்டு தொகுதிகளாக வெளியிட்ட பஞ்ச வரலாறு. பஞ்சம் தணிந்த கையோடு எழுதியது, அந்தச் சூடு அதில் இருக்கிறது.

கஷ்டம் கிடைக்காததில் இல்லை, கிடைத்ததில்தான். ஆளுக்கு எத்தனை அவுன்ஸ் தானியம், எத்தனை பேருக்குக் கூலி, எத்தனை கன அடி மண் என்று எல்லாவற்றுக்கும் கணக்கு இருக்கிறது. சேலம் ஜில்லாவின் மக்கள்தொகை 1871 கணக்கெடுப்பில் 19 லட்சத்துக்கு மேல். 1881-ல் சுமார் 16 லட்சம். இந்த இரண்டு எண்ணுக்கும் நடுவே உட்கார்ந்துகொண்டு ஒரு வாரம் ஒரு வரிகூட எழுதாமல் இருந்தேன். எண்ணிலிருந்து ஆள் எழுந்து வரமாட்டார்.

பிறகு ஒரு கோப்பில், கஞ்சி வாங்க வந்த பெண்ணொருத்தி தன் பாத்திரம் ஓட்டை என்று சொல்லி முந்தானையை நீட்டியதாக ஒரு அதிகாரி எரிச்சலோடு எழுதியிருந்ததைப் பார்த்தேன். அவருக்கு அது ஒழுங்கு மீறல். எனக்கு அந்த வரியிலிருந்துதான் கன்னியம்மா வந்தாள்.

தமிழில் எதுவும் எழுதி வைக்கவில்லையா?

வைத்திருக்கிறார்கள், நாம்தான் தேடுவதில்லை. பஞ்சக் கும்மிகள் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலே சிவகங்கை வில்லியப்ப பிள்ளையின் 'பஞ்சலட்சணத் திருமுக விலாசம்' இருக்கிறது. தாது வருஷத்துப் பஞ்சத்தில் அடிபட்ட ஜனங்கள் மதுரைச் சொக்கநாதரிடம் போய் முறையிடுகிறார்கள். சுவாமி என்ன செய்கிறார் தெரியுமா? தன்னால் ஆகாது என்று, சிவகங்கை ஜமீன்தாரைப் பார்க்கும்படி ஒரு சிபாரிசுக் கடிதம் எழுதிக் கொடுத்து அனுப்பிவிடுகிறார்! ஆயிரக்கணக்கான அடிகள், முழுக்க எகத்தாளம்.

இதைப் படிக்கும் வரை என் முதல் வரைவு ஒரே ஒப்பாரியாக இருந்தது. பசித்தவர்கள் கேலி பேசமாட்டார்கள் என்று வயிறு நிறைந்த நான் முடிவு செய்து வைத்திருந்தேன். வில்லியப்ப பிள்ளை அந்த நினைப்பை உடைத்தார். அதற்குப் பிறகுதான் கன்னியம்மாவின் மாமியாருக்கு வாய்த்துடுக்கு வந்தது. வழியில் பார்க்கிற பிச்சைக்காரனிடம் "நீ பஞ்சத்துக்கு ஆண்டியா, பரம்பரை ஆண்டியா?" என்று அவள் விசாரிக்கும் இடத்தில் கூட்டங்களில் எல்லோரும் சிரிக்கிறார்கள். சிரித்துவிட்டு ஒரு மாதிரி ஆகிவிடுகிறார்கள்.

ரிச்சர்ட் டெம்பிளை ஏன் முழு வில்லனாகக் காட்டவில்லை? வெள்ளைக்காரனுக்கு வக்காலத்தா?

அதிகம் சண்டை வந்த கேள்வி இது. கொஞ்சம் பின்னணி சொல்லிவிடுகிறேன். வைஸ்ராய் லிட்டன் தென்னிந்தியப் பஞ்சத்தைப் பார்வையிட டெம்பிளை அனுப்பினார். 1877 ஜனவரியில் அவர் வந்தார், செலவு அதிகம் என்றார், கூலியைக் குறைத்தார். வேலை செய்யும் ஆணுக்கு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும். பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் அதைவிடக் குறைவு. 'டெம்பிள் கூலி' என்று அதற்குப் பேரே வந்துவிட்டது. மதராஸ் சுகாதார ஆணையர் கார்னிஷ், மண் வெட்டுகிறவன் இதில் உயிர் வாழ முடியாது என்று எழுதி எழுதிச் சண்டை போட்டார். சில மாதங்களில் கூலி கொஞ்சம் உயர்ந்தது. அதற்குள் போனவர்கள் போனவர்கள்தான்.

சரி, இதை வைத்து ஒரு கொடூரனை எழுதுவது சுலபம். முதல் வரைவில் எழுதியும் விட்டேன். மீசையைத் தடவிக்கொண்டு வெள்ளித் தட்டில் சாப்பிடும் டெம்பிள். பிறகுதான் 1873–74 வங்காள, பீகார்ப் பஞ்சத்தைப் பற்றிப் படித்தேன். அங்கே பொறுப்பில் இருந்தவர் இதே டெம்பிள்தான். பர்மாவிலிருந்து அரிசி வரவழைத்து, தாராளமாகச் செலவு செய்து, ஜனங்களைச் சாகவிடாமல் காப்பாற்றினார். அதற்குக் கிடைத்தது பாராட்டு அல்ல, வீண் செலவு செய்தார் என்ற வசை. மூன்று வருஷம் கழித்து மதராஸுக்கு வந்தவர், தன்மேல் விழுந்த அந்தப் பழியைத் துடைக்க வந்த மனிதர்.

எனக்கு முதுகு சில்லிட்டது. எப்படிக் காப்பாற்றுவது என்று தெரியாதவர் அல்ல, தெரிந்தவர், செய்து காட்டியவர். மேலதிகாரியிடம் நல்ல பேர் வாங்குவதற்காகத் தெரிந்ததை மறந்தவர். இது வக்காலத்து என்றால் இருக்கட்டும். மீசை தடவும் வில்லனை வாசகர் புத்தகத்தை மூடியதும் மறந்துவிடலாம். இந்த மனிதரை நம் ஆபீஸ்களிலேயே பார்க்கலாமே.

நாவலில் அவர் பேசும் வசனம் ஒன்றுகூடக் கிடையாது, கவனித்தீர்களா? உண்மையில் வாழ்ந்தவர்கள் வாயில் நான் வார்த்தை வைக்கவில்லை. கவர்னரும் அப்படித்தான். விக்டோரியாவை இந்தியாவின் சக்கரவர்த்தினி என்று அறிவிக்க 1877 ஜனவரி 1 அன்று டெல்லியில் தர்பார் நடந்தபோது, பஞ்சம் நடக்கும் ராஜதானியை விட்டுவிட்டு அவரும் அங்கே இருக்க வேண்டியிருந்தது. கன்னியம்மாவுக்கு அவர் தூரத்தில் போகும் ஒரு கோச்சு வண்டியின் தூசி மட்டும்தான்.

எது உண்மை, எது கற்பனை? கோடு எங்கே?

விலை, வானிலை, கூலி, சட்டம், இடம், தேதி: இவற்றைத் தொடவில்லை. குடும்பம், பேச்சு, கனவு, கிராமத்தின் பேர்: எல்லாம் என்னுடையது.

இரண்டுக்கும் நடுவே ஒரு சதுப்பு நிலம் உண்டு, அங்கேதான் கால் புதையும். உதாரணமாக, மதராஸ் அரசாங்கம் 1876 கடைசியில் ஒரு தனியார் கம்பெனி மூலம் ரகசியமாக 30,000 டன் தானியம் வாங்கியதும், வியாபாரத்தில் தலையிடக்கூடாது என்று மேலிடம் அதைக் கண்டித்ததும் நடந்தவை. அந்த ரகசியம் துறைமுகக் கூலிகளுக்குள் வதந்தியாகப் பரவியது என்பது என் கற்பனை. பரவாமலா இருந்திருக்கும் என்று என் மனசு சொல்கிறது. ஆனால் அது மனசு சொல்வது, கோப்பு சொல்வதல்ல. அதனால் அந்த அத்தியாயத்தை, பொய் சொல்வதில் பேர்போன ஒரு படகுக்காரன் சொல்வதாக அமைத்தேன்.

துறைமுகம் என்றதும் ஞாபகம் வருகிறது. அப்போது மதராஸில் உருப்படியான துறைமுகமே கிடையாது, கட்டத் தொடங்கியிருந்த நேரம். கப்பல் கடலில் நிற்கும். மசூலாப் படகில் மூட்டைகளை இறக்கி அலை தாண்டிக் கொண்டுவர வேண்டும். கடற்கரையில் அரிசி மூட்டை மலையாகக் குவிந்திருக்க, கொஞ்ச தூரத்தில் ஜனங்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். இதைக் கற்பனை செய்யும் அளவுக்கு எனக்குத் துணிச்சல் வந்திருக்காது.

அந்தக் காலத்துப் பேச்சை எப்படிப் பிடித்தீர்கள்?

பிடிக்கவில்லை. பிடித்ததாகப் பாவனை செய்தேன். 1877-ல் மதுராந்தகத்துப் பெண் எப்படிப் பேசினாள் என்று ஒலிப்பதிவா இருக்கிறது? செங்கல்பட்டுப் பக்கம் இன்றும் வயசானவர்கள் "வந்துகினு", "போயிகினு" என்கிறார்கள். அதை அளவாக எடுத்துக்கொண்டேன். முழுசாக எழுதியிருந்தால் மதுரைக்காரர்கள் பத்தாம் பக்கத்தில் எழுந்து போயிருப்பார்கள்.

சொல்லுக்கு ஒரு சல்லடை வைத்துக்கொண்டேன்: 1862-ல் வந்த வின்ஸ்லோ அகராதி. சந்தேகமான சொல் ஒவ்வொன்றையும் அதில் போட்டுப் பார்ப்பேன். அது தெருப்பேச்சு முழுவதையும் சொல்லிவிடாது. ஆனாலும் 'நிவாரணம்', 'முகாம்' என்று நாம் டிவியில் கேட்கிற தொனி கதைக்குள் நுழையாமல் காவல் காத்தது. ஜனங்கள் சொன்னது கஞ்சித்தொட்டி. சென்னையில் ஸ்டான்லி ஆஸ்பத்திரியை இன்றும் பெரியவர்கள் 'கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி' என்பார்கள். 1782 பஞ்சத்தில் கஞ்சி ஊற்ற ஆரம்பித்த மணியக்காரர் சத்திரத்தின் வழி வந்த பேர் அது.

அளவுகள்தான் உயிரை எடுத்தன. அதிகாரிகள் பவுண்டு, அவுன்ஸ் என்று எழுதுகிறார்கள். அவளுக்கு அது ஆழாக்கு, உழக்கு, படி. படியும் ஊருக்கு ஊர் மாறும். தூரம் மைலில் இல்லை, 'விடியறதுக்குள்ள போயிடலாம்' கணக்கில். நேரம் நாழிகையில். நாவலின் எந்த மூலையிலும் 'ஐந்து நிமிடம்' என்று கன்னியம்மா நினைப்பதில்லை. இதைக் கண்டுபிடித்துக் கடிதம் எழுதிய ஒரே வாசகருக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

சொல்லைவிடக் கஷ்டமானது நினைப்பு. பசிபிக் கடல் சூடாகி மழையைக் கெடுக்கும் எல் நினோ என்று ஒன்று இருப்பதும் அது அந்த வருஷங்களில் மிகக் கடுமையாக இருந்ததும் எனக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாது. தானிய வியாபாரக் கொள்கையும் அவளுக்குத் தெரியாது. மாரியம்மனுக்குப் போன ஆடி கூழ் ஊற்றவில்லை, அதுதான் அவளுக்குக் காரணம். அவளை என் காலத்துப் புத்திசாலியாக்கி ஒரு வீர வசனம் பேச வைக்க எத்தனை தடவை கை அரித்தது தெரியுமா?

பெரிய பிழை எதுவும் செய்தீர்களா?

செய்தேன், வரிசையாக.

முதல் வரைவில் கன்னியம்மா மெரினாவில் படுத்துத் தூங்கினாள். கடற்கரை இருந்தது, மெரினா இல்லை. அந்த உலாவும் சாலையும் அந்தப் பேரும் 1880-களில் கிராண்ட் டஃப் கவர்னராக இருந்தபோது வந்தவை. இன்னொரு அத்தியாயத்தில் அவள் ஹைகோர்ட்டின் சிவப்புக் கோபுரத்தை அண்ணாந்து பார்த்தாள். கோர்ட் 1862-லிருந்து உண்டு, அந்தக் கட்டடம் 1892-ல்தான் திறந்தது. எழும்பூர் ஸ்டேஷன் 1908. ஒரு குமாஸ்தா திண்ணையில் சுதேசமித்திரன் படித்தார். பாவம், அது வெளிவர இன்னும் ஐந்து வருஷம் அவர் காத்திருக்க வேண்டும். ஒரு மாமா டீ குடித்தார். அந்த டீயைக் கொட்டிவிட்டு நீராகாரம் கொடுத்தேன்.

இவற்றையெல்லாம் அச்சுக்கு முன்னால் பிடித்துவிட்டேன். அச்சில் போனது வேறு. ஒரு அத்தியாயத் தலைப்பில் 'ஈஸ்வர வருஷம் தை' என்று போட்டு, அதில் டெம்பிள் வந்து இறங்குவதாக எழுதிவிட்டேன். 1877 ஜனவரி, தாது வருஷத்துத் தை. ஈஸ்வர பிறந்தது அடுத்த சித்திரையில். பஞ்சாங்கம் பார்க்கும் வாசகர்கள் விடுவார்களா? முதல் வாரமே எட்டுக் கடிதம். இரண்டாம் பதிப்பில் திருத்தியாகிவிட்டது.

பிழையைத் திருத்தப் போய்ப் புதையல் கிடைத்ததும் உண்டு. ஹைகோர்ட்டை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வேறு என்ன கட்டடம் காட்டலாம் என்று தேடினேன். செனட் ஹவுஸ் 1874-லிருந்து 1879 வரை கட்டப்பட்டது. பஞ்சம் உச்சத்தில் இருந்தபோது சேப்பாக்கத்தில் சாரம் கட்டி நின்றுகொண்டிருந்த கட்டடம் அது. கால்வாய் வெட்டும் கூட்டத்துக்கு எட்டிப் பார்க்கும் தூரம். நாவலில் பலருக்கும் பிடித்த அந்தச் சாரம் காட்சி இப்படி வந்ததுதான்.

கஞ்சித்தொட்டியில் சாதிச் சண்டையைக் காட்டியிருக்க வேண்டுமா?

காட்டாமல் இருந்தால்தான் பொய். பொதுவில் சமைத்ததைச் சாப்பிட மறுத்தவர்கள் இருந்தார்கள், யார் சமைப்பது என்ற தகராறு இருந்தது, வரிசையில் யார் முன்னால் என்பது இருந்தது. பட்டினி எல்லோரையும் ஒன்றாக்கிவிட்டது என்று எழுதினால் கேட்க நன்றாகத்தான் இருக்கும். முதலில் செத்தவர்கள் யார் என்று பார்த்தால் அந்த வாக்கியம் நிற்காது. நிலமில்லாத கூலிகள், நெசவாளர்கள், ஊர்க் கோடியில் இருந்தவர்கள். இதற்காக வந்த இரண்டு கோபக் கடிதங்களையும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

அட்டையில் அந்தக் காலப் புகைப்படம் ஏன் போடவில்லை?

வில்லோபி வாலஸ் ஹூப்பர் என்ற ராணுவ அதிகாரி எடுத்த பஞ்சப் படங்களைப் பலர் பார்த்திருப்பீர்கள். விலா எலும்பு தெரிய, வரிசையாக உட்கார வைத்து எடுத்தவை. பதிப்பாளர் ஆசைப்பட்டார், விற்கும் என்றார், விற்கும்தான். ஆனால் அந்தப் படங்களில் ஒரு குழந்தை காமிராவைப் பார்க்கிறது. அன்றைய காமிராவுக்கு அசையாமல் இருக்க வேண்டும். நிற்கத் தெம்பில்லாதவர்களை அசையாமல் இருக்கச் சொல்லியிருக்கிறார்கள். நான் அதை அட்டையில் போட்டுப் புத்தகக் கண்காட்சியில் அடுக்கி வைத்தால் இரண்டாவது தடவை உட்கார வைப்பதாகும் என்று தோன்றியது. கால்வாயின் கோட்டுப் படம் ஒன்று போதும் என்று சண்டை போட்டு வாங்கினேன்.

மதுரைக் குஞ்சரத்தின் கதையை ஏன் சேர்க்கவில்லை?

தாது வருஷத்தில் தன் சொத்தையெல்லாம் விற்று ஊருக்குக் கஞ்சி ஊற்றிய தாசி குஞ்சரம்மாளைப் பற்றி மதுரையில் இன்றும் சொல்வார்கள். அருமையான கதை. என் நாவல் மதுராந்தகத்திலிருந்து மதராஸுக்குப் போகிறது, மதுரைக்குப் போகவில்லை. நல்ல கதை என்பதற்காக 400 கிலோமீட்டர் சுற்றிக்கொண்டு போக முடியுமா?

ஒரு பவுண்டு அரிசியை நீங்களே சாப்பிட்டுப் பார்த்தது உண்மையா?

உண்மை, ஆனால் வீரக்கதை இல்லை. ஒரு பவுண்டு என்றால் சுமார் 450 கிராம். சமையல் தராசில் நிறுத்துப் பார்த்தபோது, பரவாயில்லையே, நிறைய இருக்கிறதே என்றுதான் தோன்றியது. மேஜையில் உட்கார்ந்து எழுதுகிறவன் கண் அது. பிறகு கணக்குப் போட்டேன்: சுமார் 1,600 கலோரி. நாள் முழுக்க மண் வெட்டிச் சுமப்பவருக்கு இதைப்போல் இரண்டு மடங்காவது வேண்டும். அதோடு பருப்பில்லை, காயில்லை. அந்த ஓர் அணாவில் விறகு, உப்பு, மிளகாய் எல்லாம் வாங்க வேண்டும்.

மூன்று நாள் அதை மட்டும் சாப்பிட்டு, சொந்த ஊரில் தென்னைக்குக் குழி வெட்டிப் பார்த்தேன். இரண்டாம் நாள் மதியம் மண்வெட்டியை வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். கோபம் வந்தது, யார் மேல் என்று தெரியாத கோபம். தம்பி பெண்டாட்டி மோர் கொண்டுவந்து கொடுத்தாள், குடித்துவிட்டேன். ஆராய்ச்சி அதோடு முடிந்தது. ஆனால் கன்னியம்மா பிள்ளைகளிடம் காரணமில்லாமல் எரிந்து விழும் பக்கங்கள் அந்தக் குழிக்குள்ளிருந்து வந்தவை.

மழை வந்ததோடு முடித்திருக்கலாமே? அதற்கப்புறம் அறுபது பக்கம் எதற்கு?

என் மனைவியும் இதைத்தான் கேட்டாள். 1877 செப்டம்பர், அக்டோபரில் மழை வந்தது. சினிமாவாக இருந்தால் எல்லோரும் நனைந்து ஆடுவார்கள், 'சுபம்' போடுவார்கள். நடந்தது என்னவென்றால், மழைக்குப் பின்னால் காய்ச்சல் வந்தது. மலேரியா. ஒன்றரை வருஷம் பட்டினியில் உருகிய உடம்புகள் அதைத் தாங்கவில்லை. வயல் பச்சையாகிக்கொண்டிருக்கும்போது செத்தார்கள். மைசூர், பம்பாய், ஹைதராபாத் பக்கங்களையும் சேர்த்தால் இந்தப் பஞ்சத்தின் சாவுக் கணக்கு, குறைந்த மதிப்பீட்டிலேயே, 50 லட்சத்தைத் தாண்டும். அதில் மழைக்குப் பின் போனவர்களும் அடக்கம்.

ஈஸ்வரவுக்கு அடுத்து வந்த வருஷத்தின் பேர் என்ன தெரியுமா? வெகுதானிய. இதை நான் கட்டவில்லை, பஞ்சாங்கத்தில் அப்படித்தான் இருக்கிறது. கதையில் எழுதினால் 'ரொம்பச் செயற்கை' என்று விமர்சகர் எழுதுவார் என்று பயந்து, ஒரு கிழவர் பஞ்சாங்கம் படிக்கும்போது போகிற போக்கில் வருகிற மாதிரி வைத்தேன்.

எத்தனை வருஷம் ஆயிற்று?

ஆறு. படித்தது நான்கு, எழுதியது ஒன்று, வெட்டியது ஒன்று.

வரலாற்று நாவல் எழுத ஆசை. எங்கே ஆரம்பிப்பது?

காலத்தைப் பற்றிப் படிக்காதீர்கள், ஒரு நாளைப் பற்றிப் படியுங்கள். உங்கள் ஆள் காலையில் எழுந்து எதால் பல் விளக்கினார், எதில் தண்ணீர் குடித்தார், இருட்டினால் எந்த எண்ணெயில் விளக்கு ஏற்றினார், கையில் இருந்த காசு எப்படி இருந்தது. ஒரு ரூபாய்க்கு 16 அணா, ஓர் அணாவுக்கு 12 தம்பிடி என்று தெரிந்தால் போதாது. காலணாவைக் கையில் வாங்கிப் பாருங்கள், பழைய நாணயம் விற்பவர்களிடம் கிடைக்கும். அதன் கனம் தெரிந்தால் அதைத் தொலைத்தவளின் அழுகையை எழுதிவிடலாம்.

அப்புறம், சேகரித்ததில் பத்தில் ஒன்பது பங்கைத் தூக்கிப் போடத் தயாராக இருங்கள். மதராஸ் துறைமுகம் கட்டியதைப் பற்றி மட்டும் 40 பக்கம் எழுதி வைத்திருந்தேன். இப்போது நாவலில் நான்கு வரி இருக்கிறது.

இலங்கைக்குப் போன தம்பி என்ன ஆனான்?

வேறு எதையும்விட இதைத்தான் அதிகம் கேட்கிறார்கள். அன்று அந்த வழி தெரிந்ததுதான்: கடற்கரை வரை நடை, அங்கிருந்து படகில் மன்னார், மன்னாரிலிருந்து காடு வழியாக மாத்தளை நோக்கித் திரும்ப நடை, பிறகு காப்பித் தோட்டம். வழியில் விழுந்தவர்கள் ஏராளம். கன்னியம்மாவுக்குச் செய்தி வரவில்லை, அதனால் வாசகருக்கும் வரவில்லை.

போன மாசம் ஹட்டன் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஓர் ஆசிரியை கடிதம் எழுதியிருந்தார். அவருடைய கொள்ளுப்பாட்டனாருக்கு முந்தினவர் ஒருவர் தாது வருஷத்தில் வந்தவராம். ஊர்ப் பேர் குடும்பத்தில் யாருக்கும் ஞாபகமில்லை. 'ஏரிக்கரையில் ராமர் கோயில் இருக்கும்' என்பது மட்டும் வழிவழியாக வந்திருக்கிறது. அது எந்த ஊராக இருக்கும் என்று கேட்டிருந்தார்.

மதுராந்தகம் ஏரிக்கரையில் ஏரிகாத்த ராமர் கோயில் இருக்கிறது. தமிழ்நாட்டில் வேறு ஏரிக்கரை ராமர் கோயில்களும் இருக்கலாம் என்று எழுதி, மதுராந்தகம் கோயிலின் படம் ஒன்றையும் சேர்த்து அனுப்பியிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.